டிப்ஸ்ரிக் வழியே இரண்டு லீற்றர்

பாய்ப்படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓகஸ்ட் மாலையில் காற்று விழுந்து, ஒன்ராறியோ ஏரியின் நடுவே பாய் தொங்கிப்போய் ஒருமுறை நின்றால் பிறகு கேட்கமாட்டார்கள். என் படகில் இருப்பது யன்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர் டீசல். இரண்டு லீற்றர் ஒயில் கொள்ளும். 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்கிறது கைநூல். எங்கள் குறுகிய கோடையில் அது அத்தனை நேரம் ஓடுவதில்லை. ஆனாலும் ஒக்டோபரில் படகைக் கரையேற்றுமுன் மாற்றிவிட வேண்டும். பாவித்த ஒயிலில் கரி, அமிலம், ஈரம் எல்லாம் சேர்ந்திருக்கும். பனிக்காலம் முழுக்க பெயரிங்குகளை அதிலே ஊறவிடுவது எஞ்சினுக்குச் செய்கிற துரோகம்.

காரென்றால் தூக்கி நிறுத்தி, அடிப் போல்ற்றைக் கழட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் அப்படித்தான் கேட்டார்: “தம்பி, போல்ற்றைக் கழட்டிவிடுற வேலைக்கு உமக்கு ஏன் பம்ப்?” படகுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இறங்கும் படியைக் கழட்டினால் அதன் பின்னால்தான் எஞ்சின். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்கும் படகின் அடித்தளத்துக்கும் இடையே கையை மடக்கக்கூட இடமில்லை. அவர் முழந்தாளில் நின்று ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “உதை வைச்சவன் ஒருநாளும் ஒயில் மாத்தியிருக்கமாட்டான்” என்றார்.

எப்படியோ போல்ற்றைக் கழட்டினாலும் ஒயில் போய் விழுவது பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில். அங்கே தண்ணீர் சேர்ந்தால் தானாக இயங்கி வெளியே இறைக்க ஒரு மின்பம்ப் இருக்கும். ஒயிலையும் அது அதே சுறுசுறுப்போடு ஏரிக்குள் இறைத்துவிடும். அது சட்டப்படி குற்றம். அதைவிட, ரொறன்ரோ குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். 1941இல் திறந்த ஆர்.சி. ஹரிஸ் சுத்திகரிப்பு நிலையம் நகரின் கிழக்குக் கரையில் இன்றும் இந்த ஏரியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. காலையில் நான் போடுகிற கோப்பிக்கும் அதே தண்ணீர்.

ஆகவே ஒயிலை மேலே எடுக்கவேண்டும். அதற்கிருக்கும் ஒரே வழி, ஒயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்ரிக் நுழைகிற துவாரம். இந்த இடத்தில்தான் படகுச் சாமான் கடைக்காரர்கள் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள். பித்தளையில் செய்த கைப்பம்ப், ட்ரில்லின் முனையில் பூட்டுகிற சின்னப் பம்ப், 12 வோல்ற் பற்றறியில் ஓடுகிற கியர் பம்ப், உள்ளிருக்கும் காற்றைக் கையால் இழுத்து வெளியேற்றும் வெற்றிடக் கலன் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். விலை ஏற ஏற வலு கூடும் என்பார்கள்.

அந்த வலு இங்கே உதவாது. எந்தப் பம்பும் ஒயிலை இழுப்பதில்லை. பம்ப் தன் பக்கத்தில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. மறுபக்கம் சம்புக்குள் இருக்கிற வளியழுத்தம் ஒயிலைத் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளல் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போகாது. நூறு டொலர் பம்புக்கும் ஐந்நூறு டொலர் பம்புக்கும் அதுதான் உச்சவரம்பு. ஒயில் ஏறவேண்டிய உயரம் ஒரு மீற்றர்கூட இல்லை, அதுவும் பிரச்சினையில்லை. தடை முழுக்க டிப்ஸ்ரிக் துவாரத்துக்குள் விடுகிற மெல்லிய ரியூப்பிலும் ஒயிலின் தடிப்பிலும்தான் இருக்கிறது.

ரியூப்பின் கணக்கை எழுதிவைத்தவர் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய குழாய்களில் இரத்தம் ஓடுவதை விளங்கிக்கொள்ளப் புறப்பட்டு, 1840களில் அதை வெளியிட்டார். ஓட்டம் குழாயின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். உள்விட்டம் 4 மில்லிமீற்றர் ரியூப்புக்குப் பதில் 6 மில்லிமீற்றர் நுழையுமானால் ஒயில் ஐந்து மடங்கு வேகமாக வரும். எனவே கடைக்குப் போகுமுன் டிப்ஸ்ரிக் துவாரத்தை அளந்துகொண்டு போவது நல்லது. நுழைகிறதில் பெரிய ரியூப் எதனோடு வருகிறதோ, அந்தப் பம்புக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

மற்றது சூடு. குளிர்காலத்தில் போத்தலுக்குள் உறைந்து நிற்கிற தேங்காயெண்ணெய் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. எஞ்சின் ஒயில் அந்தளவுக்கு உறையாது, ஆனால் போகிற திசை அதுதான். 15டபிள்யூ-40 ஒயில் 100 பாகையில் இருப்பதைவிட 40 பாகையில் ஏழு மடங்குக்கு மேல் தடிப்பு. ஒக்டோபர்க் காலையில் படகுக்குள் 10 பாகை என்றால் சொல்லவே வேண்டாம். என் எஞ்சின் ஏரித் தண்ணீரை நேரே உள்ளெடுத்துக் குளிர்கிற ரகம். அதன் தேர்மோஸ்ரற் 50 பாகையளவிலேயே முழுக்கத் திறந்துவிடும், ஆகவே சும்மா ஓடவிட்டால் ஒயில் அவ்வளவாகச் சூடேறாது. கயிறுகளை இறுக்கிக் கட்டி, கியர் போட்டு, கால் மணித்தியாலம் சுமையோடு ஓடவிட்டுத்தான் தொடங்குவேன்.

தேர்வை முடித்துத் தந்தவர் அண்ணைதான். மெர்சிடிஸ் கார்களுக்கு டிப்ஸ்ரிக் குழாய் வழியே ஒயில் உறிஞ்சுகிற வழக்கம் அவருக்குத் தெரியும். “மோட்டர் ஒண்டும் வேண்டாம், வெற்றிடக் கலனை எடும்” என்றார். யோசித்துப் பார்த்தால் சரி. பித்தளைப் பம்புக்கு மூன்று கை வேண்டும்: ஒன்று இழுக்க, ஒன்று எஞ்சின் பக்கம் பிடிக்க, ஒன்று வெளியே வருகிற ரியூப்பை வாளிக்குள் வைத்திருக்க. ட்ரில் பம்ப் மலிவு, ஆனால் சீல் போனால் ஒயில் ட்ரில்லுக்குள்ளும் முழங்கைக்கும் வரும். மின்பம்ப் பெரிய படகுக்காரருக்கு நல்லது. சம்பில் நிரந்தரமாகக் குழாய் பூட்டி, திசையை மாற்றிப் புது ஒயிலையும் அதாலேயே ஏற்றலாம். இரண்டு லீற்றருக்கு அது ஆடம்பரம்.

கலனில் பத்துப் பதினைந்து தடவை பிடியை இழுத்து அமத்திவிட்டு நகர்ந்துவிடலாம். ஒயில் தானாக ஏறி நேரே மூடிய கலனுக்குள் போகும். இடையில் ஊற்றல் இல்லை. அந்த நேரத்தில் ஒயில் ஃபில்ற்றரையும் மாற்ற, அதற்குக் கீழே பிளாஸ்ரிக் பையைக் கட்டலாம். கலனை மட்டும் எங்காவது கட்டிவைக்கவேண்டும். பக்கத்தில் மோட்டர் படகு ஒன்று அவசரமாகப் போனால் அலைக்கு உருண்டுவிடும். ரியூப்பின் நுனியைச் சரிவாக வெட்டிக்கொள்வது அவசியம். நேராக வெட்டினால் சம்பின் தரையில் முழுவாயும் ஒட்டி, ஓட்டம் நின்றுவிடும். களகள என்று காற்று இழுக்கிற சத்தம் கேட்டதும் முடிந்ததென்று நினைக்கக்கூடாது. ரியூப்பைச் சற்று இழுத்து, திருப்பி, மறுபடி இறக்கினால் இன்னொரு கோப்பையளவு வரும்.

எவ்வளவு செய்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். ஆகவே கைநூல் சொல்கிற இரண்டு லீற்றரை அப்படியே ஊற்றாமல், கலனின் பக்கத்தில் உள்ள கோடுகளைப் பார்த்து, வெளியே வந்த அளவை மட்டும் முதலில் ஊற்றுவேன். புது ஃபில்ற்றர் குடிக்கிறதை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியபின் டிப்ஸ்ரிக் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். அப்போது குச்சியைத் துடைத்த துணியில் புது ஒயில் ஏற்கெனவே கறுத்திருக்கும். தங்கிய பழசும் உள்ளே படிந்த கரியும் செய்கிற வேலை அது. டீசலுக்கு அதுதான் இயல்பு. கலனில் உள்ளதை நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.