சுவரின் மறுபுறம்

வேலணைத் தீவின் சுருவில் கிராமத்திலே, போர்க்காலச் சன்னங்கள் பட்ட சுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சிரங்கையளவு குழி, நடுவே சிறு துளை. அதன்மேல் சீமெந்து பூசி வெள்ளையடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று கருதுகிறோம். அடி விழுந்த பக்கத்தை மட்டும் பார்த்துச் சேதத்தை அளக்கும் வழக்கம் இது. கொங்கிறீற்றின் இயல்போ இதற்கு மாறானது. அடிபடாத பக்கத்திலேதான் அது பெரிதும் உடைகிறது.

காரணம் எளியது. அமுக்கினால் கொங்கிறீற்று வெகுவாகத் தாங்கும். இழுத்தாலோ அந்தப் பலத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் அதற்கு உண்டு. வினாடிக்கு ஏறக்குறைய 700 மீற்றர் வேகத்தில் வரும் துப்பாக்கிச் சன்னம் சுவரில் மோதியதும் அமுக்க அலையொன்று உள்ளே பாய்கிறது. 20 சென்ரிமீற்றர் தடிப்புள்ள சுவரைக் கடக்க அவ்வலைக்கு ஒரு வினாடியின் இருபதாயிரத்திலொரு பங்கு போதும். மறுபுறத்தில் காற்றைத் தவிரத் தாங்க எதுவுமில்லை. எனவே அமுக்கமாகச் சென்றது இழுவையாகத் தெறித்துத் திரும்புகிறது. அடி பலமானதாயின் பின்முகம் தகடு தகடாகப் பெயர்ந்து அறைக்குள் பறக்கும். சன்னம் துளைத்து வராவிட்டாலும், சுவரை நம்பிப் பின்னால் ஒதுங்கியவனைச் சுவரே காயப்படுத்திவிடும். உள்ளிருக்கும் கம்பி வெடிப்புகள் அகலாமல் பிடிக்குமேயன்றி, கம்பிக்கு வெளியேயுள்ள படையைப் பிடித்து வைக்காது.

இவ்வறிவு யாருக்காகத் தேடப்பட்டது? பிரெஞ்சு நாட்டுப் பொன்சலே கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே பீரங்கிக் குண்டு எவ்வளவு ஆழம் புகுமென்று கணித்தார். 1946இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழுவின் சூத்திரம் வந்தது. பிற்காலத்தில் அணு உலைச் சுவர்களுக்கும் அது பயன்பட்டது. கோட்டைக்கும் உலைக்கும் கணக்குப் போட்டவர்கள் குடியானவனின் வீட்டுக்குப் போடவில்லை. நம் மக்கள் தாமே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டுப் பதுங்குகுழி அமைத்தார்கள். மணல் இழுபட்டு உடைவதில்லை. தகடாகப் பெயர அதற்கு உடம்பே கிடையாதல்லவா! சூத்திரம் படியாத கைகள் செய்த இந்த வேலையை நாம் அற்பமாக எண்ணலாகாது.

துப்பாக்கிகள் 2009இல் ஓய்ந்தன, வெடிப்புகள் ஓயவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் இடம்பெயர்ந்த பின் ஆளில்லாது கிடந்த வீடுகளில் உப்புக்காற்று தங்குதடையின்றிக் குடியிருந்தது. மயிரிழை வெடிப்பு அதற்குப் போதும். உப்பும் ஈரமும் கம்பியைத் தொட்டதும் துரு ஏறுகிறது. துருவோ இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் அது பருத்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. இதுவும் இழுவைதான், அன்று நொடியில் நடந்தது இன்று ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. மேலே பூசிய சாந்து இதைத் தடுப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது.

ஆகவே, திரும்பி வந்து குடியிருப்போர், வீட்டின் கொங்கிறீற்றுத் தூண்களையும் கூரைத் தட்டையும் உட்பக்கத்திலே சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலித்தால் நன்று. பொள்ளலாக ஒலிக்குமிடத்தில் அடியில் தகடு விட்டிருக்கிறது. தூணாயினும் தட்டாயினும் முதலில் முட்டுக் கொடுத்து, பழுதுபட்டதைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டித் துடைத்த பிறகே புதிய கலவை வைக்கவேண்டும். மேசனுக்குக் கூலி சற்றுக் கூடும். சேத மதிப்பீட்டுக்கு வருவோர் வாசலில் நின்று எழுதிக்கொண்டு போகாமல், உள்ளே வந்து அந்தச் சுத்தியலை ஒருமுறை கையில் வாங்கட்டும்.