"என்கிற" படுத்தும் பாடு

பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "இன்னார் என்கிற இன்னார்" என்று ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பதிவேடுகளில் இதற்கு "தீ" என்று ஒரே சொல். குமாஸ்தா வேலையில் நான் முதலில் கற்றதே, "என்கிற"வைப் பார்க்காமல் பேரேட்டில் கை வைக்கக்கூடாது என்பதுதான்.

கணினி படிக்கும் பேத்தி, "தாத்தா, பாயின்டரும் அதே தொல்லைதான்" என்றாள். பாயின்டர் என்பது நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரி. இரண்டு பாயின்டர் ஒரே இடத்தைச் சுட்டலாம்.

நம் வடுகபட்டி பூண்டுக் கமிஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியதம்பி பேரில் பாக்கி 1,000 ரூபாய். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறார். நடுவில் ராசு பேரில் 500 வரவு எழுதுகிறார். இருவரும் வேறு ஆள் என்றால் மனதிலுள்ள 1,000 சரி. பேரேட்டை மறுபடி புரட்ட வேண்டாம். பெரியதம்பி என்கிற ராசு என்றால், அந்த 1,000 தப்பு.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் இதே சங்கடம். செயலிக்குள் இருக்கும் "ரெஜிஸ்டர்"தான் அதன் மனது. நம் ஆபீஸ் ரெஜிஸ்டர் அல்ல.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் விதி கறாரானது. துணைநிரலுக்கு இரண்டு பெயர் கொடுத்து ஒன்றை மாற்றினால், இரண்டும் ஒரே இடமாக இருக்கக்கூடாது. அதனால் கம்பைலர் துணிந்து வேகம் காட்டியது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் அந்தத் தடை இல்லை. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு தடவையும் நினைவகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், வேகம் குறையும்.

1999 தரவிதியில் "ரெஸ்ட்ரிக்ட்" என்ற சொல்லைச் சேர்த்தார்கள். "இந்த இடத்துக்கு வேறு பெயர் வழியாகக் கை வைக்கமாட்டேன்" என்று நிரலர் தரும் உறுதிமொழி அது. அது பொய்யானால் கம்பைலர் எச்சரிக்க வேண்டிய கட்டாயமில்லை. விடை சத்தமில்லாமல் தப்பாகலாம். வெவ்வேறு வகைப் பாயின்டர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டாது என்றும் சி மொழியில் ஒரு விதி உண்டு. லினக்ஸ் மையநிரலைத் தொகுப்பவர்கள் அதை நம்பிச் செய்யும் வேகத்தை வேண்டாமென்று அணைத்தே வைக்கிறார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். இரண்டும் ஒருவர்தான் என்று நாம் சொன்னால் ஒரு நாள் வேலை. நமக்குப் பின் பிள்ளைகள் அதை நிரூபிக்க எத்தனை நாள் அலைய வேண்டும்!