டயாலிசிஸும் தூங்காத ராத்திரிகளும்

1/ "பொட்டுத் தூக்கமில்ல டாக்டர். பேசாம டயாலிசிஸை நிறுத்திரலாமான்னு இருக்கு." பாலவனத்தத்துல இருந்து வாரம் மூணு நாள் வர்ற அண்ணாச்சி. கையில யாரோ வாங்கித் தந்த மெலட்டோனின் மாத்திரை.

2/ இருட்டினதும் மூளையில சுரக்கிற ஹார்மோன் அது. டயாலிசிஸ் செய்றவங்க பலருக்கு ராத்திரி சரியா ஏறாது. அப்போ மாத்திரை போட்டா போதுமா?

3/ நெதர்லாந்தின் மெலடி ஆய்வு (2013) சின்னதுதான். தினம் 3 மி.கி. கொடுத்தாங்க. மூணாம் மாசம் தூக்கம் கூடுச்சு. ஒரு வருஷத்தில் அந்தப் பலன் தெரியலை.

4/ "படுத்தா கால் குறுகுறுங்குதா?"ன்னு கேட்டேன். "ஆட்டிக்கிட்டே இருக்கணும்"னார். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. ஊசி போட்டோம். இப்போ கொஞ்சம் தூங்குறார். டயாலிசிஸுக்கும் தவறாம வர்றார்.

5/ கால் குறுகுறுப்பு, அரிப்பு, பகல் தூக்கம், மனச்சோர்வு. எது இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. "நிறுத்திரலாம்"னு வீட்டில் யாராவது சொன்னா, அலுப்புல சொல்றாங்கன்னு விட்டுடாதீங்க.