வரவிருந்த விளையாட்டு

பள்ளிப்பட்டில் எங்கள் தெருவில் விசைத்தறியின் ஓசை ஓயாது. அவ்வோசைக்கிடையே 2021இல் தம்பி என்னிடம் வழக்காடினான். அப்போதுதான் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்த பிளேஸ்டேஷன் 5இன் விலை 49,990 ரூபாய். ‘கிரான் டூரிஸ்மோ 7’ என்னும் கார்ப்பந்தய விளையாட்டு அதற்கென்றே வரப்போகிறது என்பது அவன் கட்சி. என் முதற்சேமிப்பு அத்தொகையை எட்டியிருந்தது. ஆசை எனக்கும் உண்டு.

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அப்பா, “ஆர்டர் கைக்கு வருமுன் யாராவது தறி வாங்குவார்களாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

காத்திருந்தோம். விளையாட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. 2022 மார்ச் 4 அன்று வெளிவந்தபோது, பழைய பிளேஸ்டேஷன் 4க்கும் சேர்ந்தே வந்தது! புதியதன் விரைவு பழையதில் இல்லை. தம்பிக்குச் சற்று ஏமாற்றந்தான். ஆயினும் அன்றிரவு எங்கள் பழைய கருவியிலேயே ஓட்டினோம். காரின் உறுமலைத் தறியோசை விழுங்கிவிட்டது.