பெயின்ட் அடித்த படகு

பழைய படகு வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவார். மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, புகை கறுப்பா வெள்ளையா என்று கவனிப்பார். ஆயில் ஸ்டிக்கை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்பார். வயரை யாரும் பார்ப்பதில்லை. அது பலகைக்குப் பின்னால் இருக்கிறது. இடையஞ்சாவடிக்காரர் ஒருவருக்காக நான் நடத்திய வழக்கு முழுக்க அந்தப் பலகைக்குப் பின்னால்தான் கிடந்தது.

இடையஞ்சாவடி கடலோர ஊர் அல்ல. வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பூமி. 1968-இல் ஆரோவில் வந்த பிறகு, சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயத்தோடு வேறு பிழைப்புகளும் சேர்ந்தன: அறை வாடகை, வண்டி வாடகை, சாப்பாடு. என் கட்சிக்காரரும் சில அறைகள் வைத்திருந்தார். தங்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி மரக்காணம் உப்பங்கழியைச் சுற்றிக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆந்திரத்திலிருந்து கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. அதையும் கழுவெளி ஏரியையும் சேர்த்து 2008-இல் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது, ஆழம் வரவில்லை. ஆனால் இவர் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தார். (கழுவெளி பறவைகள் சரணாலயமானது 2021-இல், இது அதற்கு முந்தைய கதை.)

படகை விற்றவர் புதுச்சேரியில் குடியிருந்த ஓய்வுபெற்ற பொறியாளர். ஃபைபர் உடல், உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின், நாலு பேர் படுக்க ஒரு சின்ன கேபின். தன் சந்தோஷத்துக்காக வைத்திருந்தவர், வயது காரணமாக விற்றார். விலை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. விற்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் படங்களோடு அவர் அனுப்பிய செய்தியில் நான்கு விஷயங்கள் இருந்தன: மின் அமைப்பு முழுவதும் புதியது, மரைன் வயர், லித்தியம் பேட்டரி, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

கடைசியில் உள்ளது வியாபாரப் பேச்சு. அதை வைத்து எந்த நீதிமன்றமும் பணம் வாங்கித் தராது. மற்ற மூன்றும் அப்படியல்ல, திறந்து பார்த்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்.

வாங்கிய சில வாரங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சமயம், கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஆல்டர்னேட்டர் எரிந்தது. அதோடு விளக்கு, கருவிகள், அடித்தளத்தில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. மீனவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். நல்லவேளை, அன்றைக்கு விருந்தாளி யாரும் படகில் இல்லை.

என்னிடம் வந்தவுடன் கட்சிக்காரர் கேட்டது, "போர்ட்வென்ட்டி கேஸ் போடுங்க சார்." சிவில் தகராறில் சிக்குகிற பாதிப்பேர், அன்றைய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவான இந்த 420-ஐத்தான் முதலில் கேட்டார்கள். மோசடி என்றால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நான் விசாரித்தவரை படகை விற்ற பெரியவர் அந்த வயரிங் வேலையைத் தானே ராப்பகலாக உட்கார்ந்து செய்தவர், அதில் பெருமை உள்ளவர். போலீசுக்குப் போனால் முதல் கட்டத்திலேயே தோற்போம் என்று சொன்னேன். கட்சிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

நுகர்வோர் மன்றமும் சரிப்படாது. கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல, சுயதொழிலாகப் பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் விளக்கியது. அந்த விலக்குக்குள் என் கட்சிக்காரரை எப்படியாவது நுழைத்துவிடலாம். ஆனால் விற்றவர் வியாபாரி இல்லையே. வாழ்நாளில் ஒரே ஒரு படகை விற்றவரை வணிகர் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, சிவில் தாவா.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதிலேயே சண்டை ஆரம்பித்தது. அந்தப் பக்கம் ஈ.சி.ஆரில் போனவர்களுக்குத் தெரியும்: கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒப்பந்தம் எழுதிய முத்திரைத்தாள் புதுச்சேரியில் வாங்கியது, பிரதிவாதி வீடும் புதுச்சேரி. அதனால் வழக்கை அங்கேதான் நடத்த வேண்டும் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி வழக்குமூலம் ஒரு பகுதி எழுந்த இடத்திலும் தாவா போடலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர், பெயருக்குக் கீழே தேதியோடு "இடையஞ்சாவடி" என்றும் எழுதியிருந்தார். செக் கைமாறியதும் அந்த ஊர்த் திண்ணை ஒன்றில்தான். அந்த ஒரு வரி எங்களைத் தமிழ்நாட்டிலேயே வைத்தது.

அடுத்து அவர்கள் நீட்டியது ஒப்பந்தத்தில் இருந்த "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி, சட்டம் தானாகச் சேர்க்கும் நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம். நல்ல வாதம்தான். ஆனால் அதே ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தில் "மரைன் வயர் கொண்டு புதுப்பிக்கப்பட்ட மின் அமைப்புடன் கூடிய படகு" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். 15-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். உள்ளது உள்ளபடி என்றால், உள்ளதாகச் சொன்னது உள்ளே இருக்க வேண்டுமல்லவா? வாட்ஸ்அப் செய்தியையும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழோடு தாக்கல் செய்தோம். 2014-இல் அன்வர் தீர்ப்பு வந்த பிறகு அந்தச் சான்றிதழ் இல்லாமல் போன் பிரதியைக் கொண்டுபோவது வீணாக இருந்தது.

இனி பலகையைத் திறக்க வேண்டியதுதான். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டு, அவரோடு படகு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனும் போக அனுமதி வாங்கினோம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கரையில் படகு ஏறி நின்றது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கறுப்புக் கோட்டுகளை வேடிக்கை பார்த்தார்கள். திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்ததும் எலக்ட்ரீஷியன் எதுவும் பேசாமல் ஒரு வயரின் நுனியைச் சீவி எங்களிடம் நீட்டினார். செம்பு பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. வீட்டுச் சுவருக்குள் போடுகிற வயர். மரைன் வயரில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். உப்புக்காற்று அதை அவ்வளவு சுலபத்தில் தின்னாது. பேட்டரி முனையில் 13.2 வோல்ட் இருந்தது. கேபின் விளக்கைப் போட்டுவிட்டு அதன் முனையில் அளந்தால் 12-க்கும் கீழே. இடையில் போனதெல்லாம் வயரிலேயே சூடாகப் போனது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் இல்லை.

ஆல்டர்னேட்டர் ஏன் எரிந்தது என்பதை எலக்ட்ரீஷியன் ஆணையருக்கு விளக்கியது எனக்கும் பாடம். ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய, வாங்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு உள்தடை மிகக் குறைவு, பந்தியில் உட்கார்ந்த பசிக்காரன் மாதிரி போடப் போட வாங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். முழுச் சுமை, குறைந்த காற்று, எனவே சூடு. இதற்கு நடுவே, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஏதோ காரணத்தால் சட்டென்று தொடர்பைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் எகிறி டையோடுகளைச் சுட்டுவிடும். ஆல்டர்னேட்டருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் இடையே ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. பம்ப்பையும் அதே பேட்டரியில் கோத்திருந்தார்கள். பேட்டரி கைவிட்டால் பம்ப்பும் கைவிடும். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து.

குறுக்கு விசாரணையில் பெரியவரிடம் நான் அதிகம் கேட்கவில்லை. வயர் வாங்கிய ரசீது இருக்கிறதா என்றேன். தேடிப் பார்த்துக் கொண்டுவந்தார், மறைக்கவில்லை. ரசீதில் இருந்தது வீட்டு வயர். "செம்பு செம்புதானே, எல்லாம் ஒன்றுதான்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். அவர் அதை நம்பியே சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். நம்பிக்கை 420-லிருந்து அவரைக் காப்பாற்றியது. 15-ஆம் பிரிவிலிருந்து அது காப்பாற்றாது.

என் கட்சிக்காரருக்கு வேண்டியது படகைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் வாங்குவது. அது நடக்கவில்லை, நடக்காது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். படகு கைக்கு வந்த வாரமே நீலப் பெயின்ட் அடித்து, மகள் பெயரை முகப்பில் எழுதிவிட்டார். விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத காரியத்தைச் செய்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம் என்கிறது 42-ஆம் பிரிவு. ஏற்றுக்கொண்ட பிறகு நிபந்தனை மீறலை உத்தரவாத மீறலாக மட்டுமே பாவிக்க முடியும், நஷ்ட ஈடுதான் என்கிறது 13-ஆம் பிரிவு. "பெயின்ட் அடிச்சது குத்தமா சார்?" என்று தீர்ப்புக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பில் மின் அமைப்பை முழுதாக மாற்றும் செலவு, ஆல்டர்னேட்டர் விலை, படகை இழுத்து வந்த மீனவர்களுக்குக் கொடுத்த கூலி ஆகியவை கிடைத்தன. எஞ்சின் ஆயில் கசிவுக்காகக் கேட்டது தள்ளுபடி. கசிவை அவருடைய மெக்கானிக்கே வாங்கும்முன் பார்த்து, விலையிலும் குறைத்துப் பேசியிருந்தார். வருமான இழப்பும் தள்ளுபடி. ஒரு பயணச் சீட்டுகூட அவர் எழுதியிருக்கவில்லை.

பெரியவர் மேல்முறையீடு போகவில்லை. நிறைவேற்று மனு போடும்படியும் வைக்கவில்லை. இரண்டு தவணையில் பணத்தைக் கட்டிவிட்டார். என் அனுபவத்தில் அது அபூர்வம். படகுக்குப் புது வயர் இழுத்தது ஆணையரோடு வந்த அதே எலக்ட்ரீஷியன்தான். பம்ப்புக்கென்று தனியாக ஒரு பழைய காலத்து ஈய பேட்டரியை வைத்தால்தான் வேலையைத் தொடுவேன் என்று பிடிவாதமாக நின்று, வைத்துவிட்டுத்தான் போனாராம்.