எங்கே நிற்கிறது?

தரம் 11இற்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் 'கேம்' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது; கைத்தொலைபேசி உம்மாவின் அலுமாரிக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மட்டும் அது வெளியே வரும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் வாப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"இதுல ஏதாவது படிக்கிறாய் எண்டால் அதை எழுதிக் காட்டு மகள். எழுத ஒண்டும் இல்லையெண்டால் அந்த ஒரு மணித்தியாலமும் வேணாம்."

அப்படி எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

நானும் தம்பியும் விளையாடுவது மைன்கிராஃப்ட். சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், ஊர் என்று எதையும் கட்டலாம். சுவீடன் நாட்டில் உருவான இந்த விளையாட்டில் 2010ஆம் ஆண்டு 'ரெட்ஸ்டோன்' என்ற சிவப்புத் தூள் சேர்க்கப்பட்டது. அந்தத் தூளை நிலத்தில் கோடாகத் தூவினால் அது மின்கம்பி போல வேலை செய்யும். ஒரு முனையில் ஆளியைப் போட்டால் மறுமுனையில் விளக்கு எரியும், கதவு திறக்கும். ஆளியிலிருந்து புறப்படும்போது சமிக்ஞையின் வலு 15. ஒவ்வொரு கட்டையைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பதினைந்து கட்டைகளுக்கு அப்பால் கோடு செத்துவிடும். இன்னும் தூரம் போக வேண்டுமானால் இடையில் 'ரிப்பீட்டர்' ஒன்றை வைக்க வேண்டும். அது வலுவை மீண்டும் 15 ஆக்கிவிடும்.

இந்தத் தூளோடு ஒரு தீப்பந்தமும் உண்டு. அது தலைகீழாக வேலை செய்யும்: அது பொருத்தப்பட்ட கட்டைக்கு மின் வந்தால் பந்தம் அணையும், வராவிட்டால் எரியும். தரம் 10இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தர்க்கப் படலைகள் படித்தபோது, 'நொட்' படலை இதுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்ய என் தோழிகள் பட்ட பாட்டை நான் படவில்லை. 1854இல் ஜோர்ஜ் பூல் உண்மை, பொய் என்ற இரண்டையும் கணிதமாக எழுதினார். 1937இல் குளோட் ஷனன் என்ற மாணவர் அந்தக் கணிதத்தை ஆளிகளால் ஆன மின்சுற்றுகளில் காணலாம் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய கணினிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எங்கள் சிவப்புத் தூளும் அதே வழிதான்.

போன வருடம் நானும் தம்பியும் ஒரு கடை கட்டினோம். அது எங்கள் அப்பாவின் கடை. வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து சந்திக்குக் கிட்ட அவருக்கு ஒரு வானொலி திருத்தும் கடை இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, திருத்திய வானொலிகளும் திருத்தாத வானொலிகளும் அவருடைய சாமான் பெட்டியும் உள்ளேயே நின்றுவிட்டன. புத்தளத்தில் இருபது வருடம் வாழ்ந்து எங்கள் குடும்பம் திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும்தான் இருந்ததாம். அதன்பிறகு அப்பா அந்தத் தொழிலைத் தொடவில்லை. கடை எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் சொல்லுவார்: முன்னால் இரண்டு பலகைக் கதவு, இரண்டு பூட்டு, உள்ளே மூன்று படி.

அந்தக் கடையைத்தான் நாங்கள் கட்டினோம். இரண்டு பூட்டுக்குப் பதிலாக இரண்டு ஆளி. இரண்டையும் போட்டால்தான் கதவு திறக்க வேண்டும். இது 'ஆன்ட்' படலை. மூன்று தீப்பந்தங்களால் செய்யலாம். கட்டி முடித்து முதல் ஆளியைப் போட்டேன். இரண்டாவதைத் தொடவே இல்லை, கதவு திறந்துவிட்டது.

மூன்று வெள்ளிக்கிழமை பிழை தேடினோம். பந்தங்களைக் கழற்றி மாட்டினோம், படலையை உடைத்துத் திரும்பக் கட்டினோம். தம்பி அழுதுவிட்டான். கடைசியில் "எல்லாத்தையும் இடிப்போம் ராத்தா" என்றான்.

திண்ணையில் இருந்த அப்பா, "என்னத்த புள்ள இடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவருக்குக் கண் பார்வை குறைவு; திரை சரியாகத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்டார்.

"ஒரு ஆளியைப் போட்டா மத்த வயருலயும் கரண்ட் வருதா?"

பார்த்தேன். வந்தது. இரண்டாவது கோடும் மங்கலாகச் சிவந்திருந்தது.

"அப்போ படலையில பிழை இல்ல. ரெண்டு வயரும் எங்கேயோ முட்டுது. எங்க முட்டுது எண்டு பாக்க உங்களிட்ட டெஸ்டர் இல்லையா?"

இல்லை. அதுதான் பிரச்சினை. வலு கூடினால் தூள் பிரகாசமாகவும் குறைந்தால் மங்கலாகவும் தெரியும். ஆனால் 9இற்கும் 8இற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சின்னத் திரையில் யாரால் பிரித்தறிய முடியும்? நாங்கள் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டு போனோம். மூன்று படிகளுக்குக் கீழே கிடைத்தது. ஒரு கோடு மற்றதைவிட ஒரு கட்டை உயரத்தில் பக்கமாகப் போனது. உயரம் வேறு, ஆகவே ஒட்டாது என்று நான் நினைத்திருந்தேன். ரெட்ஸ்டோன் தூள் ஒரு கட்டை உயரம் ஏறியும் இறங்கியும் பக்கத்துத் தூளோடு ஒட்டிக்கொள்ளும். பிழை என்னுடையது. நடுவில் ஒரு கட்டையை வைத்தேன். கதவு மூடிக்கொண்டது, பிறகு இரண்டு ஆளிக்கும் மட்டுமே திறந்தது.

அன்று இரவு அப்பா சொன்ன கதை வாப்பாவுக்கும் தெரிந்ததுதான், எங்களுக்குப் புதியது. 1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, மின்கலமும் கிடைக்காமல் போனது. செய்தி கேட்க வேண்டும். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் தைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்தார். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். அதனால் நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் இடையில் வைத்தார். ஒன்பது வயது வாப்பா பெடலைக் கையால் சுற்றினார். சுற்றுவதை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும். நாங்கள் ஊரை விட்டுப் போன பிறகும், தொண்ணூறுகளில் குடாநாட்டில் இருந்தவர்கள் பலர் இப்படித்தான் வானொலி கேட்டார்கள்.

"ஒரு நாள் சுத்தச் சுத்தச் சத்தமே வரல்ல" என்றார் வாப்பா. "நான் சைக்கிளுக்கு அடிச்சேன். அப்பா அடிக்கல்ல. சின்னக் குமிழ் ஒண்டில ரெண்டு வயரைக் கட்டி, தைனமோவில வச்சார், எரிஞ்சுது. அடுத்த இடத்தில வச்சார், எரிஞ்சுது. அடுத்த இடத்தில எரியல்ல. அங்கதான் வயர் அறுந்திருந்தது."

"பழுது எண்டா முழுசும் பழுது இல்ல" என்றார் அப்பா. "எங்க மட்டும் வருது, எங்க நிக்குது? அதைக் கேட்டா பாதி வேலை முடிஞ்சுது."

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ரெட்ஸ்டோனை எப்படித் திருத்தலாம் என்று நான் ஒரு பட்டியல் எழுதினேன்.

முதலாவது, சோதனைக் குமிழ். கையில் வைத்துக்கொள்ளும் ஒரு கருவி; தூளின் மேல் வைத்தால் 0 முதல் 15 வரை எண்ணைக் காட்ட வேண்டும். கணினியில் ஓடும் ஜாவா பதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் வரும் நீண்ட பட்டியலுக்குள் இந்த எண் இருக்கிறது. கைத்தொலைபேசியில் விளையாடும் எங்களுக்கு அந்த விசை இல்லை. எண் தெரிந்திருந்தால் எங்கள் பிழை ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும். ஏனென்றால் இரண்டாவது கோட்டில் எண் எந்த இடத்தில் மிகக் கூடுதலாக இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் முதல் கோடு முட்டுகிறது.

இரண்டாவது, உறை போட்ட கம்பி. உண்மையான வயருக்கு பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. அதனால் இரண்டு வயர்கள் உரசினாலும் கலக்காது. விளையாட்டில் கம்பளிக்குச் சாயமிட ஏற்கனவே 16 நிறங்கள் உண்டு. தூளுக்கும் சாயமிட முடிந்தால், சிவப்பு சிவப்போடும் நீலம் நீலத்தோடும் மட்டுமே சேரட்டும். ஒன்றையொன்று கடந்து போகவும் இலகு. எந்தக் கோடு எதற்கானது என்றும் தெரியும். 1206ஆம் ஆண்டளவில் அல்-ஜஸரி தன் பொறிகளைப் பற்றி எழுதிய நூலில், படத்தின் பாகங்களுக்கு எழுத்துகளால் குறியிட்டு, அந்தக் குறிகளை வைத்தே செய்முறையை விளக்குகிறார். பார்ப்பவர் திரும்பச் செய்ய வேண்டுமானால் எது எது என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது, தைனமோ. ரெட்ஸ்டோனில் ஆளியைப் போட்டால் மின் முடிவில்லாமல் வரும். அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே இல்லை. வெயிலின் அளவுக்கு ஏற்ப மின் தரும் பகலொளி உணரி ஒன்று விளையாட்டில் ஏற்கனவே இருக்கிறது. அதைப் போல, சுற்றும் வரை மட்டும் மின் தரும் சக்கரமும், அதைச் சேமிக்கும் மின்கலமும் வர வேண்டும். எல்லோருக்கும் கட்டாயம் வேண்டாம், விரும்புபவர்கள் போட்டுக்கொள்ளலாம். பெடல் சுற்றிய பிள்ளைக்கு ஒரு விளக்கின் பெறுமதி தெரியும்.

நான்காவது, படலைப் பெட்டி. வகுப்பில் ஆன்ட் படலையை ஒரு சின்னக் குறியால் வரைந்துவிடுவோம். விளையாட்டில் அதற்குப் பத்துக் கட்டையளவு இடம் வேண்டும். கூட்டல் கணக்குச் செய்யும் பொறி ஒன்றைக் கட்டினால் ஒரு வளவே நிறைந்துவிடும். உண்மை உலகில் 7408 என்ற சில்லுக்குள் நான்கு ஆன்ட் படலைகள் 14 கால்களோடு அடங்கியிருக்கின்றன. ஆகவே நாங்கள் கட்டிய சுற்றை ஒரே கட்டைக்குள் அடக்கும் வசதி வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் கையால் கட்டி, உண்மை அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் போட்டுக் காட்டிய பிறகுதான் பெட்டி கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, இரண்டு பதிப்புக்கும் ஒரே சட்டம். ஜாவா பதிப்பில், தனக்கு நேர் மேலே உள்ள இடத்துக்கு மின் வந்தாலும் பிஸ்டன் அசைந்துவிடும். தொடக்கத்தில் அது தவறாக வந்த ஒன்று. பலர் அதை வைத்தே பொறிகள் கட்டிவிட்டதால் அப்படியே நிலைத்துவிட்டது. கைத்தொலைபேசிப் பதிப்பில் அது கிடையாது. ஒருவர் காட்டியதை இன்னொருவர் அப்படியே கட்டினாலும் வேலை செய்யாது; தன் மூளையில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார். சட்டம் வேறானால் அதையாவது விளையாட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆறாவதாக ஒன்று எழுதியிருந்தேன்: பிழையை விளையாட்டே தேடித் திருத்திவிட வேண்டும். அதை வாசித்துக் காட்டியபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாதான் கேட்டார்: "அப்படித் திருத்தியிருந்தா, அண்டைக்கு நீ அப்பாட்டப் போயிருப்பியா?"

பேனாவால் அதை வெட்டினேன். படியின் கீழே ஒரு கட்டை தானாக முளைத்திருந்தால் கதவு சரியாகியிருக்கும். தூள் உயரம் ஏறி ஒட்டும் என்பதை நான் இன்றைக்கும் அறிந்திருக்க மாட்டேன். எங்கே நிற்கிறது என்று காட்டினால் போதும். ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது கட்டியவரின் வேலை.

கணக்கு வினாத்தாளிலும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். விடை பிழைத்தால் முழுவதையும் வெட்டிவிட்டு அழுவது என் பழக்கம். இப்போது மேலிருந்து ஒவ்வொரு வரியாக வருகிறேன். இந்த வரி சரி, இந்த வரி சரி, இங்கேதான் சகக்குறி மாறியிருக்கிறது. பெற்றோரிடமும் பணிவாக ஒன்று கேட்கிறேன். பிள்ளை கைத்தொலைபேசியோடு இருந்தால் உடனே பறிக்காமல், ஒரு தரம் பக்கத்தில் இருந்து, "என்ன கட்டுறாய்? எங்க நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் பறியுங்கள், அது நியாயம்தான்.

பட்டியலை முடித்த வெள்ளிக்கிழமை அப்பா வாப்பாவிடம் ஒரு டோர்ச் குமிழும் இரண்டு மின்கலமும் இரண்டு சின்ன ஆளியும் வாங்கி வரச் சொன்னார். மேசையில் வைத்து இரண்டு ஆளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வயரில் தொடுத்தார். கண் தெரியாததால் விரலால் தடவித்தான் முறுக்கினார். ஒரு ஆளியைப் போட்டான் தம்பி, எரியவில்லை. இரண்டையும் போட்டான், எரிந்தது. மூன்று தீப்பந்தத்தில் நாங்கள் கட்டிய ஆன்ட் படலை அது. (தோழிகளே, நீங்களும் செய்யலாம், மின்கலத்தில் மட்டும். வீட்டு மின்சாரத்தில் வேண்டாம்.)

பிறகு அப்பா அந்தக் குமிழைக் கழற்றி, அதில் இரண்டு துண்டு வயரைக் கட்டி என் கையில் தந்தார்.

"வச்சுக்கொள் புள்ள. சாமான் பெட்டியில முதல் இருக்க வேண்டியது இது."

அது இப்போது என் கொம்பாஸ் பெட்டிக்குள் இருக்கிறது.