வாசனை வந்தால் நட்டம்

ஊட்டிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு இறங்குகிறவர்கள் குறைவு. வர்க்கி, சாக்லேட், டீத்தூள், கூடவே ஒரு பாட்டில் நீலகிரித் தைலம். கொரோனா காலத்தில் ஆவி பிடிக்கவென்று அந்தப் பாட்டிலைத் தேடாத வீடே இல்லை. ஆனால் அதைக் காய்ச்சும் இடத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். தைலக் கொட்டகைகள் பெரும்பாலும் சாலையிலிருந்து கண்ணில் படாது. தண்ணீர் தேடிப் பள்ளத்துக்குள் இறங்கி, ஓடையை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

எமரால்டு பக்கம் அப்படி ஒரு கொட்டகைக்குப் பிப்ரவரித் தொடக்கத்தில் போயிருந்தேன். நான்கு மரக்கால், மேலே துருப்பிடித்த தகரம், மூன்று பக்கம் கிழிந்த தார்ப்பாய். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கொப்பரை. வேலையாட்கள் மொத்தம் ஐந்து பேர். கொப்பரையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், அவருக்குக் கையாள் ஒரு பையன், இலை பொறுக்கும் பெண்கள் மூன்று பேர்.

காலை ஒன்பது ஆகியும் பெண்கள் காட்டுக்குள் போகவில்லை, அடுப்படியில் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "இப்பப் போயி என்ன தம்பி பண்றது? பனி கொட்டிக் கிடக்கு, இலையெல்லாம் ஈரம். ஈர இலைய எடை போட மாட்டாரு" என்றார் மூவரில் மூத்தவர். கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஈரம் எடையைக் கூட்டும், கொப்பரைக்குள் தைலத்தைக் கூட்டாது. அதனால் உறைபனி விழும் நாட்களில் வெயில் ஏறிப் புல் காயும் வரை அவர்களுக்கு வேலை தொடங்காது. மாலை நாலரைக்கெல்லாம் திரும்பியாக வேண்டும், அதற்கு மேல் காட்டுமாடு இறங்கிவிடும். பனி ஒரு பக்கமும் காட்டுமாடு ஒரு பக்கமும் நறுக்கியது போக மிச்சமிருக்கும் பொழுதுதான் கூலிப் பொழுது.

அந்த மூத்தவருடைய அம்மா கண்டித் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறி வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்காக அரசு இங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. வேலை கிடைத்தவர்கள் அங்கே போனார்கள், கிடைக்காதவர்கள் கையில் எது அகப்பட்டதோ அதைச் செய்தார்கள். இவருக்கு அகப்பட்டது கற்பூர மரத்து இலை.

கற்பூர மரம் என்று மலைக்காரர்கள் சொல்லும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து வந்ததுதான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கும் டாஸ்மேனியாவும். நீலகிரிக்கு 1843இல் வந்தது. வெள்ளைக்காரர்கள் குடியேறிய பிறகு குளிர்காய்வதற்கும் சமைப்பதற்கும் சோலைகளை வெட்டித் தீர்த்து விறகுக்குத் திண்டாடினார்கள். அந்தப் பஞ்சம் தீர 1856 முதல் இதைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம், பத்து வருடத்தில் மறுபடி விறகாகிவிடும். தைலத்துக்காக யாரும் நடவில்லை. விறகு மரம் உதிர்த்த இலையைப் பொறுக்கிக் காய்ச்சியதில் பிறந்தது இந்தத் தொழில்.

பத்தரை மணிக்கு மேல் பெண்களோடு நானும் தோப்புக்குள் ஏறினேன். கையில் முள்வாரி, இடுப்பில் சாக்கு. உதிர்ந்ததையெல்லாம் அள்ளிவிட முடியாது என்பது அங்கேதான் தெரிந்தது. மேலே கிடக்கும் புது இலை வேண்டும். மழையில் ஊறிக் கறுத்துப்போன அடி இலை ஆகாது. மூவரில் மூத்த அந்த அம்மா ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அரிவாள் போல் வளைந்த முற்றிய இலை. ஒளி ஊடுருவியதும் அதில் ஊசியால் குத்தியதுபோல் நூற்றுக்கணக்கில் பொட்டுகள். "அதுதான் எண்ண" என்றார். இலையின் சுரப்பிகள் அவை, தைலம் முழுக்க அவற்றுக்குள்தான். கறுத்த இலை ஒன்றையும் பிடித்துக் காட்டினார், வெளிச்சமே ஊடுருவவில்லை.

மதியத்துக்குள் சாக்குகள் இறங்கின. கொப்பரையில் ஏற்றும் வேலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் தண்ணீர், அதற்கு மேல் கம்பித் தட்டு, தட்டின் மேல் இலை. பையன் உள்ளே இறங்கி விளிம்பை ஒட்டி வட்டமாக மிதித்துக்கொண்டே வந்தான். கொப்பரைக்காரர் மேலிருந்து ஒவ்வொரு சாக்காகக் கொட்டினார். நடுவில் மிதித்தால் அவர் அதட்டுவார். ஓரம் தளர்வாக இருந்தால் ஆவி அந்த வழியே சுலபமாக ஏறிப் போய்விடும், நடுவில் இருக்கும் இலை சும்மாவே கிடக்கும். எட்டு சாக்குக்குப் பிறகு பையனின் தலை வெளியே தெரிந்தது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூடியைப் போட்டு, குழைத்த செம்மண்ணை ஈரச்சாக்கோடு சேர்த்து விளிம்பு முழுக்க அப்பினார்கள். அடுப்புக்கு விறகு? போன தடவை காய்ச்சி எடுத்த சக்கையை வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறார்கள், அதுதான் எரிகிறது. விறகுக்கு நட்ட மரத்தில் இலைச் சக்கையும் விறகாகிறது.

மூடியிலிருந்து கிளம்பும் குழாய் ஒரு தொட்டிக்குள் சுருண்டு இறங்குகிறது. ஓடைத் தண்ணீர் தொட்டியில் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிகிறது. குளிர்ந்த ஆவி நீராகவும் தைலமாகவும் ஒரு தகர டின்னில் சொட்டும். தைலம் மேலே மிதக்கும், தண்ணீர் அடிக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஒரு கொப்பரை அடங்க ஐந்தாறு மணி நேரமாகும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் வந்தால் நல்ல கொப்பரை என்கிறார்கள்.

அடுப்பு பற்றி முக்கால் மணி நேரத்தில் கொட்டகை முழுக்க வாசனை தூக்கியது. மூக்கடைப்பெல்லாம் விட்டது எனக்கு. "நல்லா மணக்குதுண்ணே" என்றேன். கொப்பரைக்காரர் முகம் மாறிவிட்டது. மூடியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார், ஓரிடத்தில் மண் வெடித்திருந்தது. ஒரு கைப்பிடி மண்ணை அப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார்: "வாசன வந்தா நட்டம் சார். மணக்கிறதெல்லாம் டின்னுக்கு வராம காத்துல போற தைலம். சரியா காய்ச்சினா பக்கத்துல நின்னாக்கூட ஒண்ணும் தெரியக் கூடாது."

மண் வெடிப்பை அடைத்துவிடலாம். அவருக்குப் பெரிய கவலை ஓடைதான். இலைக்கு நல்ல காலம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். காய்ந்து உதிரும், எடைக்கு எடை தைலம் கூடுதலாகத் தரும். ஓடை இளைக்கும் காலமும் அதுவே. தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டால் ஆவி குளிராமல் ஆவியாகவே குழாயைத் தாண்டிப் போய்விடும். அதனால் மார்ச்சில் அடுப்பைத் தணித்து எரிக்கிறார், ஒரு கொப்பரைக்குப் பத்து மணி நேரம்கூட ஆகிறதாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, இலை நனைந்துவிடும். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது இந்த ஓடை கொட்டகையின் பாதியைக் கொண்டுபோனதாகச் சொன்னார். இலை இருக்கும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும்போது இலை இல்லை.

இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் கற்பூர மரத்துக்கும் பங்கு உண்டு. ஊட்டியில் உள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையம் க்ளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தது. மரம் நட்ட பக்கம் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கொப்பரைக்காரரிடம் இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "எங்க தாத்தா காலத்துல இந்தப் பள்ளம் சதுப்பு, எருமை மாட்டிக்கும்னு சொல்வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்நிய மரங்களை எடுத்துவிட்டுச் சோலையையும் புல்வெளியையும் மீட்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடக்கிறது, சில இடங்களில் வேலையும் நடக்கிறது. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. பவானியும் மோயாறும் இந்த மலையின் ஈரத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் மரத்தை எடுக்கும் திட்டங்களில் வெட்டுக்கூலிக்குக் கணக்கு இருக்கிறது, கன்றுக்குக் கணக்கு இருக்கிறது, இலை பொறுக்குகிறவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் மரத்துக்குச் சொந்தக்காரரும் அல்ல, கொட்டகைக்குத் தொழிலாளி என்று எழுத்தில் பதிந்தவரும் அல்ல. தொழில் தானாகவே தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது வேறு. உலகச் சந்தையில் பெரும்பகுதி சீனத் தைலம். மலிவு எண்ணெய் கலந்த பாட்டில்கள் ஊட்டிக் கடைகளிலேயே விற்கின்றன. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் சுத்தமான தைலம் கறை வைக்காமல் பறந்துவிடும், சமையல் எண்ணெய் கலந்திருந்தால் திட்டு நிற்கும். எந்தச் சுற்றுலாப் பயணி கடை வாசலில் நின்று இதைச் செய்து பார்க்கப் போகிறார்?

மாலையில் அந்த அம்மாவின் சாக்குகளைத் தராசில் ஏற்றினார்கள். ஒரு சாக்கின் அடியிலிருந்து கைநிறைய இலையை உருவி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார் கொப்பரைக்காரர். ஈரம் என்று இரண்டு கிலோ கழித்தார். "நெழல்ல கெடந்தது, பனி காயல" என்று அந்த அம்மா வாதாடினார். ஒரு கிலோ கழித்ததோடு பேச்சு முடிந்தது. மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேரட் தோட்டத்தில் பிடுங்கவும் கழுவவும் ஆள் எடுப்பார்களாம். அங்கே தினக்கூலி, எடைச் சண்டை கிடையாது. "அப்ப வருசம் பூரா அதுக்கே போகலாமே அக்கா?"

"விடியக்காலம் மூணு மணிக்கு வண்டியேறணும் தம்பி. பனியில முடியுமா?" என்றபடி சாக்கை உதறி மடித்தார்.